பட்டினி போட்ட பாட்டில்கள்

“யாரு இதுக்கெல்லாம் சாப்பாடு போட்டது?”

அவள் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்புதான் வருகிறது... அன்றைக்கு அழுகை வந்தது.

பன்றி வைரஸ்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவள் வேலை. பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களைப் பாட்டில்களில் வளர்ப்பாள். பிறகு அவற்றுக்குள் வைரஸை விடுவாள். வைரஸுக்குச் சொந்தமாக அடுப்பும் கிடையாது, உலையும் கிடையாது. ஒண்டிக்கொண்ட செல் எதைச் சாப்பிட்டு எப்படிச் சக்தியாக்குகிறதோ, அதை உறிஞ்சித்தான் அது பெருக வேண்டும். அப்படியானால் செல்லையே பட்டினி போட்டால் என்ன ஆகும்? இதுதான் அவளுடைய கேள்வி. வைரஸ் விட்ட பாட்டில்களில் சர்க்கரையே இல்லாத திரவத்தை ஊற்றி, செல்கள் நாளுக்கு நாள் மெலிவதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மாற்றாந்தாய் மாதிரி மகிழ்ந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டில்களில் பாதிக்கு யாரோ விருந்து வைத்திருந்தார்கள்!

“நான்தாங்க...” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்... என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாத, பெரிய, ஈரமான கண்கள். பண்ணைகளில் பன்றிகளுக்கு வைத்தியம் பார்த்தவன் அவன். வைரஸ் வளர்க்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள அந்த வாரம்தான் வந்திருந்தான். எல்லோரும் ‘பன்றி டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

“ரொம்ப மெலிஞ்சு கிடந்துச்சு மேடம்... பார்க்கவே பாவமா இருந்துச்சு. யாரோ மறந்துட்டாங்கன்னு நினைச்சு சர்க்கரை போட்ட நல்ல மீடியமா மாத்தி ஊத்திட்டேன்.”

“நான் வேணும்னேதான் பட்டினி போட்டிருந்தேன்!”

“அப்படியா? எங்க பண்ணையில ஒண்ணு சோர்ந்து கிடந்தா முதல்ல தீனி வைப்போம். அப்புறம்தான் காரணம் கேட்போம்.”

“இங்க முதல்ல காரணம் கேக்கணும்!”

“சரி... இனிமே கேக்குறேன்.” அந்தக் கண்கள் சிரித்தன. “கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்னு சொல்வாங்க. உங்ககிட்ட குணம் நிறையவே இருக்கு போல.”

மூக்குக்கு மேல் வந்த கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கெடுத்தவனே கூட இருந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. புதிதாகச் செல்களை வளர்க்க வேண்டும், மறுபடி பட்டினி போட வேண்டும். அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல்களில் உட்கார்ந்து பாட்டில்களுக்குக் காவல் இருந்தார்கள். வேலை முடிந்ததும் அவன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவான். “மாட்டுக்குப் பிரசவம் பாத்தீங்களா?” என்று கேட்பாள். “பன்னிக்கு மேடம், பன்னிக்கு” என்று திருத்துவான். தாழ்வாரத்து ஜன்னலோரம் காகிதக் கோப்பையில் தேநீர்... கண்ணாடியில் வழியும் மழை... அவன் பண்ணைக் கதைகள். இப்போது அந்த ஜன்னலை அடைத்து லிஃப்ட் வைத்துவிட்டார்கள். அவளுக்கு மட்டும் அங்கே நின்றால் இன்னும் தேநீர் மணக்கும்.

இப்படியே போயிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

வாராந்திரக் கூட்டத்தில், வேலை ஏன் இழுக்கிறது என்று பேராசிரியர் கேட்டார். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தன்மேல் பழி வந்துவிடுமோ என்ற பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

“பன்னிக்கு ஊசி போடுறவங்க கையில செல்லைக் குடுத்தா இப்படித்தான் சார் ஆகும்...”

அறையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அந்தக் கண்கள் சிரிக்கவில்லை. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான்... ‘இவ்வளவு பேர் முன்னால் சொன்னதை இப்போது போய்க் கெஞ்சுவதா?’ என்று வீம்பு தடுத்தது. மறுநாள் அவன் ஸ்டூல் காலி. ஏதோ பண்ணையில் வேலை ஒத்துக்கொண்டு, பயிற்சியைப் பாதியில் விட்டுப் போய்விட்டானாம்.

மனதை வேலையில் திருப்ப, பாட்டில்களிலிருந்து தினமும் கொஞ்சம் எடுத்து உறைய வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்து வைரஸைக் கணக்கிட உட்கார்ந்தாள். அவன் கெடுத்த பாட்டில்களின் மாதிரிகளும் அதில் இருந்தன. பட்டினியாகவே விட்ட பாட்டில்களில் வைரஸ் பெயருக்குத்தான் இருந்தது. அவன் சாப்பாடு போட்டவற்றில்... போட்ட நாளிலிருந்து பொங்கி வழிந்தது! அப்படியானால் பசித்த செல்லுக்குள் வைரஸ் செத்துப்போகவில்லை. செல்லுக்குச் சர்க்கரை எப்போது வரும் என்று மூச்சுக் காட்டாமல் காத்திருந்திருக்கிறது. அவள் தனியாக எத்தனை தடவை செய்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஏனென்றால் அவள் பாவம் பார்த்திருக்க மாட்டாள்.

அன்றைக்கு அந்தப் பாட்டில்கள் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள்.

வீட்டில் தங்கைதான் பேச்சை எடுத்தாள். “வைரஸ் எப்போ சாப்பிடும், எப்போ சாப்பிடாதுன்னு கண்டுபிடிச்சிட்ட. ரெண்டு நாளா நீ சாப்பிடலையே, அதுக்குக் காரணம் கண்டுபிடிச்சியாக்கா?”

“சும்மா இருடி...”

“நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? எழுந்திரு, வண்டி எடுக்குறேன். நாளைக்கு அவரு பண்ணைக்குள்ள போயிட்டார்னா அவ்வளவுதான்.”

உண்மைதான். அது இனப்பெருக்கப் பண்ணை. உள்ளே போனவர்கள் மாதக்கணக்கில் வெளியே வர முடியாது. வைரஸோடு புழங்குகிற அவளையோ, வாசல் மிதிக்கவே விட மாட்டார்கள். இன்று விட்டால் அப்புறம் யார் எங்கே இருப்பார்களோ...

போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒற்றை அறை. உள்ளே போவதற்கு முன் கிருமி ஒட்டாமல் தனித்திருக்க வேண்டிய அறை. அதன் வராந்தாவில் அவன் நின்றிருந்தான். முகக்கவசம் இல்லாத முகம்... தேநீர் குடிக்கும்போதெல்லாம் திருட்டுத்தனமாகப் பார்த்த அதே முகம்.

“அங்கேயே நில்லுங்க!” என்றான். “நீங்க லேப்லேர்ந்து வர்றீங்க. உங்க கை என்மேல பட்டாலே நான் மறுபடி முதல் நாள்லேர்ந்து தனியா இருக்கணும். பண்ணைக்காரர் வேற ஆளைப் பாத்துடுவார்.”

நின்றாள். குடையில் விழுந்த மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள்.

“நீங்க சாப்பாடு போட்ட பாட்டில்லதான் எனக்குப் பதில் கிடைச்சுது! வைரஸ் சாகலை, காத்துக்கிட்டிருந்துச்சு! சார்கிட்டேயும் எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேன், இது உங்களாலதான்னு!”

“அதைச் சொல்லத்தான் இந்த மழையில வந்தீங்களா மேடம்?”

“இல்ல... அன்னிக்கு நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு. மன்னிப்புக் கேக்க வந்தேன்... அது மட்டும் இல்ல. நீங்க இல்லாத இடத்துல எனக்கு இருக்கவே பிடிக்கல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். சொல்லிட்டேன்... போறேன்.”

திரும்பி நடந்தாள். நாலடி போயிருப்பாள்... சேற்றில் ஓடிவரும் சத்தம். ஈரமான ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

“ஐயோ! தொட்டுட்டீங்களே...”

“தெரிஞ்சுதான் தொட்டேன்.”

“நாளைக்கு உள்ளே போகணுமே?”

“எப்படிப் போறது? இனிமே முதல் நாள்லேர்ந்துதான்.” மழை வழிந்த அந்தக் கண்கள் இப்போது முழுசாகச் சிரித்தன. “எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்க. கத்துன அன்னிக்கே பிடிச்சுப்போச்சு.”

தூரத்தில் தங்கை வண்டியின் ஹாரனை விடாமல் அடித்தாள்.

மறுநாளும் அவள் அங்கே போனாள். அதற்கு மறுநாளும் போனாள். பண்ணைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு டாக்டரைத் தேடிக்கொண்டார்.