பைபாஸ் கடையின் பதில்

பன் ஜில்லென்று இருந்தது. உள்ளே இருந்த கறி மட்டும் வேறு மாதிரி. சூடு என்று சொல்ல முடியாது. காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்தால் தெரியுமே, அந்த வெதுவெதுப்பு. அஸ்வினி இரண்டாவது வாய் கடித்துவிட்டு மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு எதிரே இருந்த கணவனைப் பார்த்தாள்.

தென்னரசு உருளைக்கிழங்கு வறுவலை நொறுக்கிக்கொண்டிருந்தான். அன்று சனிக்கிழமை, அவன் கறி தொடமாட்டான். திண்டிவனத்தில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த சித்தப்பாவைப் பார்க்கப் போன இடத்தில் மதியச் சாப்பாடு தவறிப்போய், விழுப்புரம் திரும்பும் வழியில், பைபாஸ் ஓரம் புதிதாகத் திறந்திருந்த இந்த பர்கர் கடையில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். வெளியே நாலு மணி வெயில். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் லாரிகள் சத்தமே இல்லாமல் ஓடின. ஏ.சி. குளிரில் பினாயில் வாடை, அதற்கு அடியில் மழையில் நனைந்து காயாத துணியின் வாடை. எண்ணெய் காயும் வாசனை மட்டும் எங்கேயும் இல்லை. மற்ற மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். யாரும் பேசிக்கொள்ளவில்லை.

நாக்கில் கடினமாக ஏதோ தட்டியது.

எலும்புத் துண்டு என்று நினைத்து டிஷ்யூ தாளில் துப்பினாள். கடைவாய்ப் பல். வேரோடு முழுசாக, நடுவில் வெள்ளி வைத்து அடைத்த குழியோடு.

டிஷ்யூவோடு கவுண்டருக்குப் போனாள். அங்கே நின்ற மேனேஜருக்கு முப்பது வயது இருக்கும். மழமழவென்று சிரைத்த முகம், சட்டையில் குமரேசன் என்ற பெயர்ப்பட்டை. அவனுக்குப் பின்னால் இருந்த சமையலறை ஜன்னல் வழியாக அஸ்வினியின் பார்வை தானாகவே உள்ளே போயிற்று. அவள் விழுப்புரத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் வேலை செய்பவள், அடுப்பு எங்கே இருந்தாலும் முதலில் அதைத்தான் தேடுவாள். உள்ளே அடுப்பு எரியவில்லை. விளக்குகூட எரியவில்லை.

"பர்கர்ல பல்லு கெடக்குதுங்க. மனுசப் பல்லு."

அவன் அதிரவில்லை. டிஷ்யூவை வாங்கிப் பார்த்தான். "உங்களோடதா இருக்கும் மேடம்."

அவள் நாக்கால் பற்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். "என்னுது எல்லாம் சரியா இருக்குது."

"அப்போ சாரோடது. உங்க பர்கர்ல ஒரு கடி கடிச்சிருப்பாரு."

"இன்னிக்கு சனிக்கெழம. அவரு கறியே தொடமாட்டாருங்க. அங்க பாருங்க, நல்லாத்தான் மென்னுக்கினு இருக்காரு."

"கடிச்சாரு மேடம்." குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "வேற பர்கர் தரட்டுங்களா?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரல். சிலிண்டர் கசிகிறது என்று வருகிறவர்களிடம் 'உங்க அடுப்புலதான் கோளாறு இருக்கும்' என்று அவளே பேசும் குரல். அதனால்தான் எரிச்சல் இரண்டு மடங்காக வந்தது.

"ஒண்ணும் வேணாம். அந்தப் பல்லைக் குடுங்க, நான் கம்ப்ளெய்ன்ட் பண்ணணும்."

அவன் டிஷ்யூவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அது கஸ்டமரோட சொந்தப் பொருள் மேடம். உரியவங்ககிட்டதான் குடுப்போம்."

கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். அதுவரை அஸ்வினி பைக்கின் பின்சீட்டில் இருந்து விடாமல் பொரிந்துகொண்டே வந்திருந்தாள். முதல் வாய் டீ உள்ளே போனதும் தென்னரசு முகத்தைச் சுளித்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"வாயத் தொறங்க."

"ரோட்டுல வெச்சிக்கினு இன்னா இது?"

"தொறங்கன்னு சொல்றேன்."

சாய்ந்த வெயில் நேராக உள்ளே விழுந்தது. இடப்பக்கம் கீழே, போன வருஷம் டாக்டரிடம் போய் வெள்ளி அடைத்துக்கொண்டு வந்த பல் இருந்த இடம் காலி. ரத்தம் இல்லை, புண் இல்லை. ஈறு வழவழவென்று மூடியிருந்தது, பல வருஷத்துக்கு முன்பே விழுந்துவிட்டதுபோல.

"உன் பர்கர்ல ஒரு கடி கடிச்சேனே, அப்ப வுழுந்திருக்கும்" என்றான் தென்னரசு.

"எப்பங்க கடிச்சீங்க?"

"அங்கதான். நீ கையக் கழுவப் போனப்ப."

அவள் கை கழுவவே போகவில்லை. "இன்னிக்கு சனிக்கெழமங்க."

"ஆமாம்ல..." என்றவன் ஒரு கணம் எதையோ தேடுவதுபோல அவள் முகத்தையே பார்த்தான். தேடியது கிடைக்கவில்லை. "மறந்துட்டேன்போல. உடு அஸ்வினி. ஒரு பல்லுக்குப் போயி பேஜாரு பண்ணாத."

அவளால் விட முடியவில்லை. பில்லில் இருந்த எண்ணுக்கு வீட்டிலிருந்து கூப்பிட்டாள். பாட்டு ஒன்று ஓடியது, ஓடி முடிந்ததும் கட் ஆயிற்று. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி அதே பாட்டு. 'நீ கம்ப்ளெய்ன்ட் பண்றதுக்குள்ள எனக்கு இன்னொரு பல்லு முளைச்சிடும்' என்று தென்னரசு சிரித்தபோது அந்த ஓட்டை தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் பக்கம் நிற்க வேண்டியவன் கடைக்காரன் பக்கம் நின்று சிரிக்கிறான் என்ற ஆத்திரத்தில், இணையத்தில் அந்தக் கடையின் பக்கத்துக்குப் போய் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதினாள். கறி கெட்டுப்போயிருக்கிறது, ஒரே வாடை, தயவுசெய்து யாரும் போகாதீர்கள்.

பதில் உடனே வந்தது.

'வணக்கம் மேடம். எங்கள் உணவில் வாடை இல்லை. வாடை உங்கள் கைகளில் இருக்கிறது. வருகைக்கு நன்றி.'

"கொழுப்பப் பாருங்க!" என்று கத்திவிட்டு, தோசை மாவைக் கலக்கப் போனாள். கரண்டியை எடுத்தபோது முதலில் லேசாகத்தான் வந்தது. கறிக்கடைப் பலகையில் ராத்திரியெல்லாம் கிடந்த கொழுப்பின் வாடை. மாவை முகர்ந்தாள். பாத்திரத்தை முகர்ந்தாள். பிறகு கையை.

சோப்புப் போட்டாள். எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தாள், துணி சோப்பைப் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தாள். வாடை தோலின் மேல் இல்லை என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அது உள்ளே இருந்து வந்தது. நகத்துக்கு அடியில் இருந்து, ரேகைகளுக்குள் இருந்து, மூச்சு விடுவதுபோல, விட்டு விட்டு.

திங்கட்கிழமை ஏஜென்சியில் பக்கத்து நாற்காலி கவிதா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எங்கியோ எலி கிலி செத்துக் கெடக்குதுடி." அலமாரிகளை நகர்த்திப் பெருக்கினார்கள். சிலிண்டர் பதிய வந்தவர்கள் அவள் ரசீதை நீட்டியதும் ஓரடி பின்னால் போனார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் ஓரம் நடந்தபோது பின்னால் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். நாய்கள். குரைக்கவில்லை, உறுமவில்லை. அவள் நின்றதும் அவையும் நின்றன. அவள் கைகளையே பார்த்துக்கொண்டு, வால்களை மெதுவாக ஆட்டிக்கொண்டு, இலை போடக் காத்திருக்கும் பந்தி மாதிரி உட்கார்ந்தன.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு அவளுக்கு எல்லாம் வரிசையாக விளங்கிற்று. அந்த மேனேஜர் சொன்னான், தென்னரசு கடித்தவன் ஆனான். அவன் எழுதினான், கை நாறுகிறது. நடந்ததை அவன் மறுக்கவில்லை. அவன் சொல்வதுதான் நடக்கிறது. அப்படியானால் தப்பு கடையுடையது என்று அவனே ஒரு தடவை சொல்லிவிட்டால்?

செவ்வாய்க்கிழமை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போன் செய்தாள். பேசியவர் பொறுமையாகவே கேட்டார். "சாம்பிள் இல்லாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஒரு பர்கர் வாங்கி அப்படியே மூடி எடுத்துக்கினு வாங்க, டெஸ்டுக்கு அனுப்பிடலாம்."

மறுநாள் லீவு போட்டாள். தென்னரசு வாசலை மறித்தான். "வேணாம் அஸ்வினி. எனக்கு இன்னாமோ சரியாப் படல."

"இப்பவாவது பட்டுச்சே. நான் போயி அவன் வாயால சொல்ல வெச்சிட்டு வர்றேன்."

"போன கையோட போன் பண்ணு. கூப்பிடு, நான் வண்டி எடுத்துக்கினு வந்துடறேன்."

கையுறை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

உச்சி வெயிலில் கடை நிரம்பியிருந்தது. கதவு பின்னால் சாத்திக்கொண்டதும் ரோட்டுச் சத்தம் அறுந்தது. மெல்லும் சத்தம் மட்டும். ஈரமான, நிதானமான மெல்லல். பார்சல் ஒன்று சொல்லிவிட்டு நின்றவள், போனமுறை கவனிக்காததைக் கவனித்தாள். ஒருவருக்குச் சட்டையின் வலது கை தொளதொளவென்று தொங்கியது. ஒரு பெண் முக்காட்டை இழுத்து இழுத்துக் காது இருக்க வேண்டிய பக்கத்தை மூடிக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் ஒரு பில் இருந்தது, கசங்கி, பல தடவை மடித்துப் பிரித்ததாக. பர்கர் சாப்பிட வந்தவர்கள் கையில் அப்படி பில் வைத்திருக்கமாட்டார்கள். கம்ப்ளெய்ன்ட் சொல்ல வந்தவர்கள்தான் வைத்திருப்பார்கள்.

முக்காடு போட்ட பெண் அஸ்வினியைப் பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம். உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

குமரேசன் அட்டைப்பெட்டியை அவள் கையில் வைத்தான். பேச வாயெடுத்தான்.

"நீங்க பேசாதீங்க!" குரல் கிறீச்சிட்டது. "நான் சொல்றத மட்டும் சொல்லுங்க. தப்பு எங்க கடையோடதுன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவ. எங்க வூட்டுக்காரரு பல்லு, என் கையி, எல்லாத்துக்கும் நாங்கதான் காரணம்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லாம நான் இங்கேர்ந்து போகமாட்டேன். கேக்குதா? இங்க இருக்கிற எல்லாருக்கும் கேக்குதா? ஏன் யாரும் பேசமாட்டேன்றீங்க?"

மெல்லும் சத்தம் நின்றது.

அவள் மூச்சு வாங்கினாள். அந்த ஒரு மூச்சுதான் இடைவெளி.

அவன் முகத்தில் மெய்யான குழப்பம் தெரிந்தது. "நீங்க ஒண்ணுமே சொல்லலையே மேடம்."

அவள் சொல்ல வாயைத் திறந்தாள்.

காற்று வந்தது. வெறும் காற்று.

மறுபடி. காற்று.

பல்லின் பின்பக்கம் எதுவும் தட்டவில்லை. அண்ணத்தில் எதுவும் தொடவில்லை. விரலை உள்ளே விட்டாள். பல். கன்னம். பல். நடுவில் வழவழவென்ற தரை. வலி இல்லை. ரத்தம் இல்லை. எந்தக் காலத்திலும் அங்கே ஒரு நாக்கு இருந்ததாகவே தெரியவில்லை.

போன். போனை எடுத்தாள். தென்னரசு முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "அஸ்வினி? ஹலோ? கேக்குதா? ஹலோ?" காற்று. "ஹலோ? லைன் சரியில்ல... ஹலோ?" கட்.

அப்போது இடது கையில் அட்டைப்பெட்டி கனத்தது.

அசைந்தது.

மூடி லேசாகத் தூக்கிக்கொண்டது. இரண்டு பன்னுக்கு நடுவே, சாஸுக்கு அடியில், சிவப்பாக, ஈரமாக ஏதோ துழாவியது. பிறகு பேசியது. தாழ்ந்த, பயந்துபோன குரல். அவள் குரல்.

"என்னாங்க... என்னாங்க... என்னை இங்கேர்ந்து கூட்டிக்கினு போங்க..."

குமரேசன் பெட்டியை அவள் விரல்களிலிருந்து பதமாக விடுவித்து வாங்கினான். "இது உங்க ஆர்டர் இல்லீங்க மேடம்" என்றான். அடுத்த எண்ணைக் கூப்பிட்டான். வெளியே வண்டியை நிறுத்திவிட்டுச் சற்று முன் வந்து ஆர்டர் சொல்லியிருந்த பெரியவர் ஒருவர், வெயில் தாங்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பசியோடு கை நீட்டி அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அஸ்வினி கையுறைக் கைகளால் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் மூக்கைச் சுளித்து, அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார்.

"என்னாங்க..." என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அவர் இரண்டு கையாலும் தூக்கி வாயை அகலத் திறந்தபோதும்.