சூடு ஆறாத கட்டில்

இரவு ஷிஃப்ட் முடிந்து, கம்பெனிப் பேருந்திலிருந்து ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, அறைக்கு வந்து கட்டிலில் கையூன்றிய கொம்பையா திடுக்கிட்டான். பாய் வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு காலத்தில் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரே கட்டிலை இருவர் வாடகைக்கு எடுப்பது அவ்வட்டாரத்து வழக்கம். பகல் ஷிஃப்டுக்காரன் எழுந்து போனதும், அவன் விட்டுச்சென்ற சூட்டிலேயே இரவு ஷிஃப்டுக்காரன் படுத்துக்கொள்வான். ஆனால், இந்தக் கட்டிலின் பங்காளியான மாசானத்தைப் போலீசார் கொண்டுபோய் எட்டு மாதங்கள் ஆகின்றன.

காரணம், துணி காயப்போடும் கொடி. தொழிற்சாலையில் வெட்டி எறிகிற ஒயர்த் துண்டுகளை முடிந்து கொடியாகக் கட்டாத அறை ஒரகடத்தில் ஒன்றுகூடக் கிடையாது. யாரோ ஒரு பெரிய மனிதர் அவ்வழியே வரவிருந்த வாரத்தில், அது வெடிகுண்டுக்கான ஒயர் என்று கண்டுபிடித்தார்கள் அந்தப் போலீஸ் மேதைகள்.

"யாருதுடா இது?"

அப்போதுதான் வேலை முடிந்து வந்து நின்ற கொம்பையா, ஒயரைக் கொண்டுவந்து கட்டிய அதே கையால், காய்ச்சலில் சுருண்டு கிடந்த மாசானத்தைச் சுட்டிக்காட்டினான். சும்மா விசாரணைதான் என்றார்கள். குற்றப்பத்திரிகை இல்லை; ஜாமீன் இல்லை; விசாரணை மட்டும் இன்றுவரை சும்மா நடக்கிறது. பயங்கரவாதி என்று முதற்பக்கத்தில் படம் போட்ட பத்திரிகைகளுக்கு அவன் பெயரே மறந்துவிட்டது.

நேற்று மாசானத்தின் வக்கீல் ரஞ்சனி வந்திருந்தார். "ஒயர் என்னுதுன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரை வெளிய எடுத்துடலாம்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

கோழைகளுக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் பிழையின்றி வரும்.

வாசலில் வீட்டுக்காரர் சுப்பராயன் வந்து நின்றார். "இன்னாபா, ராவெல்லாம் ரூம்ல முனகல் சத்தம்? யாரு கீறது உள்ள?"

"யாருமில்ல அண்ணாச்சி. நான் வேலைக்குப் போயிருந்தேம்லா."

"அப்போ பேய்க்கும் சேத்து வாடகை குடு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

கொம்பையா கதவைத் தாழிட்டுப் படுத்தான். பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் ஒட்டியிருந்த அட்டை வெயிலை முழுவதும் விழுங்கிவிட, பக்கத்து மெஸ்ஸின் சாம்பார் மணத்துக்கும் தன் சட்டையின் எந்திர எண்ணெய் நாற்றத்துக்கும் அடியிலிருந்து, காய்ச்சல் வியர்வையும் மூத்திரமும் பழைய இரத்தமும் கலந்த ஒரு நெடி மெல்ல மெல்ல மேலேறி வந்தது. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

மின்சாரம் போயிற்று. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது.

மூச்சுச் சத்தம் ஓயவில்லை.

அவனோ மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான்.

முதுகுக்குப் பின்னால் பாய் அழுந்தியது. அனல். ஈரம். அவன் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

கதவு தட்டப்பட்டது. மாசானத்தைக் கொண்டுபோன அன்றைய அதே குரல், இப்போது பணிவாக.

"கொஞ்சம் தொறப்பா. ஒயர் யாருதுன்னு கேக்கணும். சும்மா விசாரணைதான்."

மாசானத்தினுடையது என்று சொல்ல வாயெடுத்தான்.

தாழ் தானே விலகியது. கதவு திறந்தது. கட்டிலின்மேல் வெளிச்சம் விழுந்தது.

அங்கே சுருண்டு கிடந்தது எழுந்து உட்கார்ந்தது. ஒயரால் சேர்த்துக் கட்டிய இரண்டு கைகள். நகங்கள் இல்லாத விரல்கள்.

அவற்றுள் ஒன்று, மெதுவாக நீண்டு, கொம்பையாவைச் சுட்டிக்காட்டியது.