சமையலறைத் தரைக்கு அடியில்

சப்-இன்ஸ்பெக்டர் ராதிகா ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். போன மாதம் ரத்தம் எடுக்க வந்தபோது கழற்றவில்லை. சாவு வீட்டுக்குள் நுழைகிறவர் போல அவர் தலை குனிந்து வந்தது வனஜாவுக்கு என்னவோ செய்தது.

முகப்பேர் ஃப்ளாட்டில் மாலை நான்கு மணிக்குரிய சத்தமெல்லாம் இருந்தது: தாயில்லாத மருமகள் ரேணுகா குளியலறையில் வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்வது, கீழே ஸ்கூல் வேனின் ஹாரன், சாத்திய அறைக்குள் இருபது நாள் பேத்தி பசியில் வீறிடுவது, அவளைத் தோளில் போட்டு நடந்தபடி வனஜாவின் கணவர் சண்முகசுந்தரம் பாடும் ஆராரோ. பால் வாசமும் சாம்பிராணிப் புகையும் கதவிடுக்கில் கசிந்து ஹாலில் தங்கின.

"ரிசல்ட் வந்துடுச்சா மேடம்?"

ஆவடியில் அவர்கள் முன்பு குடியிருந்த குவார்ட்டர்ஸை இடித்தபோது, சமையலறைத் தரைக்கு அடியில் ஒரு தகர டின் கிடைத்தது. அதற்குள் கைக்குழந்தையின் எலும்புகள். அந்த வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்த மூன்று குடும்பங்களிடமும் டிஎன்ஏ பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முதலில் கையை நீட்டியவர் சண்முகசுந்தரம்தான். "முப்பது வருசத்து எலும்புல இன்னா தெரியப்போவுது?" என்று சிரித்தார். யார் பெற்ற பிள்ளையோ என்று வனஜா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"உங்க பையன் ஸ்ரீராமுக்கு முன்னாடி குழந்தை பொறந்துச்சாம்மா?"

"ஒண்ணு. பையன். புயல் மழை, ஆஸ்பத்திரிக்குப் போக முடியல, ஊட்டுலயே பொறந்துச்சு. நான் மயங்கிட்டேன். கண்ணு முழிச்சா, செத்துப் பொறந்துச்சுன்னாரு எங்க ஊட்டுக்காரரு. சுடுகாட்டுல பொதைச்சுட்டு வந்துட்டேன்னாரு."

அழுத சத்தம் கேட்டதே என்று அன்று அவள் கேட்டாள். ஜுரத்தில் அப்படித் தோன்றும் என்று அவர் நெற்றியில் கை வைத்தார். ஒவ்வோர் ஐப்பசியிலும் சுடுகாட்டு வேப்பமரத்தடிக்கு அவரே கூட்டிப்போவார். ராஜா, என் ராஜா என்று கூப்பிட்டபடி வனஜா மண்ணில் பால் ஊற்றுவாள்.

ராதிகா அவள் கையைப் பிடித்தார். "அந்த எலும்புக்கு அம்மா நீங்க. அப்பா சார். டிஎன்ஏல சந்தேகமே இல்ல." பிறகு மெதுவாக, "பையன் இல்லம்மா. பொண்ணு."

பொண்ணு.

வேப்பமரத்தடியில் ஒன்றுமில்லை. அத்தனை பாலும் வெறும் மண்ணுக்கு.

சண்முகசுந்தரம் தன் கையால் புதிதாக சிமென்ட் பூசிய சமையலறைத் தரை அது. ஈரம் ஏறுது என்றார். ஏழு வருடம் அதன் மேல் நின்று சமைத்தாள். வெறுங்காலோடு. ஸ்ரீராமை அங்கேதான் தவழவிட்டாள்.

"செத்துதானே பொறந்துச்சு?" வனஜாவின் குரல் கெஞ்சியது. "பயந்துபோய் அங்க பொதைச்சிருப்பாரு. அவ்ளோதான். இல்லியா மேடம்?"

ராதிகா அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"வாய்க்குள்ள துணி அடைச்சிருந்துச்சும்மா. நைலான் புடவைத் துண்டு, மக்கவே இல்ல. செத்த குழந்தைக்கு எதுக்கும்மா..."

ராதிகா கையை விட்டார். "ஜீப் கீழ நிக்குது. சாரைக் கூப்பிடுங்க."

வனஜா எழுந்தாள். அந்த அறைக்கு வெறும் பத்தடி.

அப்போதுதான் உறைத்தது. ஆராரோ நின்றிருந்தது.

அழுகையும்.

எப்போது நின்றது? பொண்ணு என்றபோதா? அதற்கு முன்பா? தெரியவில்லை.

கதவைத் தள்ளினாள்.

புகை. கட்டில். ஜன்னலோரம் அவர். ஹாலில் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது. பேத்தியை நெஞ்சோடு அணைத்திருந்தார், மெதுவாக ஆட்டிக்கொண்டு, யாருக்கும் வராத வாஞ்சையோடு.

"அழுதுகினே இருந்துச்சு, வனஜா."

பேத்தியின் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை அவருடைய உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தது.