பாவசங்கீர்த்தனத்தில் ஒரு பொய்

செல்போன் அலறியது!

டொரதி நாவலப்பிட்டி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். மற்றக் கால் இன்னும் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துச் சேற்றில்.

"அக்கா! சந்தோஷமான செய்தி!"

தங்கை றொசானா. உபவாச செபத்துக்கென்று ஹந்தானை மலைக்குப் போயிருப்பவள்.

"சொல்லுடி."

"நான் சுகமாயிட்டேன்! முந்தாநாள்ல இருந்து ஊசியே போடல!"

படியிலிருந்த கால் வழுக்கியது.

றொசானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சீனி வியாதி. இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. 'நிறுத்தினா உயிர் தங்காது' என்று டொக்டர் சொன்னபோது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டொரதியும் நின்றிருந்தாள். இப்போது அம்மாவும் இல்லை.

"ஊசி எங்கடி?"

"இங்க செபம் நடத்துற ஃபாதர் வாங்கிப் பூட்டி வச்சிட்டாரு. அது அவிசுவாசமாம். ஞாயித்துக்கிழம பெரிய கூட்டத்துல... நான்... சாட்சி சொல்லணும்."

"ஏன் இப்பிடி மூச்சு வாங்குது? ஓடி வந்தியா?"

"இல்லியே... கதிரையில உக்காந்துதான் பேசுறேன். தண்ணி குடிச்சுக் குடிச்சும் தவிக்குது... வச்சிடுறேன்..."

துண்டித்துவிட்டாள்.

டொரதி நாவலப்பிட்டிப் பங்கு ஃபாதருக்குப் போன் எடுத்தாள். சிக்னல் இல்லை. ஏதோ தோட்டத்துக் கோயிலில் பூசை வைத்துக்கொண்டிருப்பார்.

அவள் வேலை செய்யும் புடவைக் கடைக்கு வழக்கமாக ஓடும் த்ரீவீலர் எதிரே நின்றது. திகனையைச் சேர்ந்த ஃபாஸில்; அவளுக்கு அண்ணன் மாதிரி.

"ஃபாஸில் நானா! ஹந்தானைக்கு! சீக்கிரம்!"

முகத்தைப் பார்த்தான். கேள்வி கேட்கவில்லை. "ஏறுங்க தங்கச்சி!"

* * *

மேலே போகப் போகப் பனி.

தேயிலைக்கு நடுவே பழைய பங்களா. உள்ளே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அழகான பாட்டு... அதைக் கேட்டதும் டொரதி த்ரீவீலரிலிருந்து குதித்து இறங்கினாள்.

"நான் கேட்டடியில ஈக்கிறேன்" என்றான் ஃபாஸில். "பயமாயிருந்தா ஒரு சத்தம் போடுங்க. போதும்."

கதவைத் திறந்தவர் மரியநாயகம். ஓய்வுபெற்ற கிளார்க்கர். இடுப்பில் சாவிக்கொத்து.

"உபவாச நேரம் மகள். யாரையும் பாக்க ஏலாது."

"என் தங்கச்சி சாகப் போறா ஐயா!"

"அவளா? அவ ஆண்டவர் செஞ்ச புதுமையாச்சே!"

"யாரு, டொரதியா? வரட்டும்."

தேன் போன்ற குரல்.

ஃபாதர் கிளமென்ட். வெள்ளை அங்கி. இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டவர். முன்பின் தெரியாதவர்களின் ரகசியத்தைக்கூடப் புட்டுப் புட்டு வைப்பாராம்! ஆண்டவர் நேரே அவரிடம் பேசுகிறாராம்!

அவருக்குப் பின்னால் கதிரையில் றொசானா.

டொரதி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். தங்கையின் உதடு வெடித்திருந்தது. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை.

"வாடி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மாட்டேன்." றொசானா கையை உதறினாள். "இது கடைசிச் சோதனையாம். வாந்தி எடுத்தாலும் பயப்பட வேணாம்னு ஃபாதர் சொன்னாரு."

"றொசா, செத்துருவடி!"

"ஒனக்கு விசுவாசம் இல்லக்கா!"

பெண்கள் டொரதியை இரக்கத்தோடு பார்த்தார்கள். பேய் மாதிரி ஒருவனைத் திட்டினால் ஒருத்தியாவது துணைக்கு வருவாள். இவர் செபிக்கிறார்... சிரிக்கிறார்... தலையில் கை வைக்கிறார்! யாரிடம் போய் என்ன சொல்வது?

"மகள்" என்றார் ஃபாதர் மெதுவாக. "தங்கச்சி சுகம் முழுசாகாம ஏதோ தடுக்குது. அது ஒன்கிட்ட இருக்கு. வா... பாவசங்கீர்த்தனம் பண்ணு."

* * *

பக்கத்து அறை. ஒரு கதிரை. ஒரு மெழுகுதிரி.

டொரதி முழங்காலிட்டாள்.

'இவர் நிஜமான குருவாக இருந்தால்?'

"றொசானா விஷயத்துல என்ன பண்ணின?" அவர் குனிந்தார். "மருந்து ஏதும் குடுத்தியா? ஒளிக்காத."

அவசரம்! அந்தக் குரலில் தேன் வற்றி, பசி தெரிந்தது.

டொரதியின் நாக்கு நுனியில் ஒரு பொய் வந்து உட்கார்ந்தது.

மாதாவே, மன்னிச்சிரு!

"ஃபாதர்... அவ இங்க வந்த அன்னைக்கு, அவளுக்குத் தெரியாம... தேத்தண்ணில இன்சுலின கலந்து குடுத்துட்டேன்."

அவர் கண்கள் மின்னின.

எழுந்தார். விறுவிறுவென்று வெளியே போனார்.

பாவமன்னிப்புக் கொடுக்கவே இல்லை!

* * *

"நிறுத்துங்க பாட்ட!"

ஃபாதர் கிளமென்ட் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"றொசானா! நீ ஏன் சோர்ந்து போயிருக்கன்னு ஆண்டவர் இப்ப எனக்கு வெளிப்படுத்திட்டார்! ஒரு காட்சி பாக்கிறேன்... ஒரு கோப்பை... தேத்தண்ணி... அதுல ஒன் அக்கா கள்ளமா இன்சுலின ஊத்துறா! அந்த மருந்துதான் ஒன் உடம்புக்குள்ள நிண்டு சுகத்தக் கெடுக்குது!"

பெண்கள் "ஆண்டவரே!" என்று கத்தினார்கள்.

றொசானா தலையை நிமிர்த்தினாள். கஷ்டப்பட்டு.

"தேத்தண்ணிலயா ஃபாதர்?"

"ஆமா மகள்!"

"இன்சுலின் குடிச்சா வேலை செய்யாதே... வயித்துக்குள்ளயே கரைஞ்சிரும். அதுக்குத்தானே இத்தன வருஷமா குத்து வாங்குறேன்." மூச்சு வாங்கினாள். "எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்... ஆண்டவருக்குத் தெரியாதா?"

பெண்கள் ஃபாதரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டொரதி அறை வாசலில் நின்றாள். பயத்தில் குரல் கிறீச்சிட்டது.

"அது நடக்கவே இல்ல றொசா! நான் சொன்ன பொய்! இப்பதான்... இந்த ரூமுக்குள்ள... பாவசங்கீர்த்தனத்துல இவர்கிட்ட சொன்னேன்!"

ஒரு பெண்ணின் கையிலிருந்து செபமாலை விழுந்தது.

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டதயா?" என்றாள் அவள். "உசிரு போனாலும் ஒரு குரு அத வெளிய விடுவாரா?"

மரியநாயகத்தின் முகம் வெளிறியது.

"அப்ப என்னோட விஷயமும்... என் பொஞ்சாதிக்கு 'வெளிப்பட்டது' இப்பிடித்தானா? அடப்பாவி! ஒரு மாசமா வீட்டுல எனக்குச் சோறு இல்லடா!"

ஃபாதரின் சிரிப்பு கழன்று விழுந்தது. உள்ளே இருந்த முகம் வேறு.

"மரியநாயகம்! கதவப் பூட்டு! ஒருத்தரும் வெளிய போகக் கூடாது!"

கை அங்கிப் பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் ஒரு கத்தி!

"ஃபாஸில் நானாஆஆ!"

டொரதி அலறினாள்.

அதே நொடியில் மரியநாயகத்தின் சாவிக்கொத்து பறந்து வந்து கத்தி பிடித்தவன் நெற்றியில் மோதியது. கத்தி தரையில். ஃபாஸில் த்ரீவீலரைத் தூக்கும் இரும்பு ஜக்கோடு உள்ளே பாய, அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு 'ஃபாதர்' பின்கதவால் தேயிலைக்குள் ஓடினான்.

"ஓடட்டும். உள்ள சத்தம் கேட்டப்பவே பொலிசுக்குச் சொல்லிட்டேன்" என்றான் ஃபாஸில். "மொதல்ல புள்ள!"

மரியநாயகம் அலுமாரியைத் திறந்து ஊசிப் பெட்டியை எடுத்தார். றொசானாவிடம் நீட்டினார்.

றொசானா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அக்கா... பயமா இருக்கு."

"எனக்குந்தாண்டி."

த்ரீவீலர் மலையிறங்கியது, பெரியாஸ்பத்திரியை நோக்கி... பனியைக் கிழித்துக்கொண்டு.

* * *

றொசானா பிழைத்தாள்.

அந்தப் போலி ஃபாதரைப் பொலிஸ் தேயிலைக்குள் வைத்தே பிடித்தது. அவன் எந்தச் சபையிலும் குருவாக இருந்ததில்லை. கால் முழுக்க அட்டை கடித்து, "டொக்டர்! டொக்டரக் கூப்பிடுங்க!" என்று கதறினானாம்.

"செபிச்சிருக்கலாமே" என்றான் ஃபாஸில்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் றொசானா கேட்டாள்.

"அக்கா... எனக்காகச் சொன்னாலும் பாவசங்கீர்த்தனத்துல பொய் பொய்தானே?"

அந்தச் சனிக்கிழமை டொரதி நாவலப்பிட்டிக் கோயிலில் பங்கு ஃபாதரிடம் முழங்காலிட்டாள். எழுந்து வந்தபோது கண் கலங்கியிருந்தது... முகம் தெளிந்திருந்தது.

வாசலில் றொசானா ஃபாதரை மடக்கினாள்.

"ஃபாதர், அக்கா சொன்னாளா? என்ன தண்டன குடுத்தீங்க?"

ஃபாதர் வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கே... கொட கொண்டு வந்தியா மகள்?"

றொசானா அக்காவின் காதில் கிசுகிசுத்தாள்.

"இவர் அசல்தான்க்கா!"