மூன்றாம் நாள் வேர்

மூன்றாம் நாளே வேர் விட்டது. அதுதான் ஜம்லோங்குக்குப் பிடிக்கவில்லை. அழுகிய வேர்களை வெட்டி மொட்டையாகத் தொங்கவிட்ட ஆர்க்கிட், நனைத்தும் காயவிட்டும் பார்த்துக்கொண்டால், மூன்று வாரத்தில் ஒரு முளை காட்டும். தாய்லாந்தின் நக்கோன் பத்தோம் வாய்க்கால் கரையில் நாற்பது வருடம் பூ வளர்த்தவருக்கு இது தெரியாதா?

செடி அவர் மனைவி லமுனுடையது. பக்கவாதம் வந்து ஆறு மாதமாக மூங்கில் கட்டிலில் கிடக்கிறாள். போன வாரம் கஞ்சியைத் துப்பினாள். "என் செடி வேர் பிடிக்கட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்று வாயை மூடிக்கொண்டாள்.

வேர் பிடிக்கக் கூடையில் கரி போட வேண்டும். சந்தைக் கரியில் உப்பு ஏறியிருக்கும், அதை அவர் நம்புவதில்லை. புத்தர் கோயிலில் பிணம் எரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் குவிந்திருந்த கரியில் ஒரு வாளி அள்ளி வந்து, சன்னலுக்கு வெளியே தொங்கிய செடிக்கூடையை நிரப்பினார்.

பக்கத்துத் தோட்டத்து யுபின் மீன் குழம்போடு படகில் வந்தாள்.

"ஏதண்ணே இந்தக் கரி?"

"கோயில்ல அள்ளினது. பிணம் எரிக்கிற இடத்துக்குப் பின்னால."

"அடப்பாவி! கால்ல ஒட்டின கோயில் மணலையே புத்தாண்டுக்குத் திருப்பிக் கொட்டுற ஊரு இது. நீ வாளியோட தூக்கிட்டு வந்திருக்க."

"கரிக்கு என்ன தெரியும்? உன் வாயவிட அதுல சூடு கம்மி."

"கொண்டுபோய்ப் போட்டுடு."

"அவ சாப்பிடறாடி. போ, வேலையப் பாரு."

லமுன் சாப்பிட்டாள். முதல் நாள் அரைக் கிண்ணம், மறுநாள் மூன்று. சந்தோஷப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் மழை தகரக் கூரையை விடாமல் அடித்துக்கொண்டிருக்க, சாம்பலும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏற, மழை ஈரத்தைத் தேடிப் போகாமல் சன்னல் கம்பி வழியாக வீட்டுக்குள் நீண்டிருந்த வேர்களை அவர் பார்த்தார். ஒன்றைக் கத்தரித்தார். உள்ளே லமுன் முனகினாள். இன்னொன்றைக் கத்தரித்தார். மறுபடியும் முனகல். கத்தரியைக் கீழே வைத்தார்.

நாளைக்குக் கரியைக் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம். இன்று உடம்பு முடியாது.

ஈரத்துணியோடு கட்டிலருகே போனார். "முதுகு தொடைக்கணும். திரும்பு."

"வேண்டாங்க."

"புண்ணு வந்துடும், திரும்பு."

"புதுசா வேர் விடறத அசைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

தோளைப் பிடித்து இழுத்தார். தோள் வந்தது. முதுகு வரவில்லை.

குனிந்தார். கட்டிலுக்கடியில் பார்த்தார்.

மூங்கில் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக. விரல் தடிமன். தரைப்பலகையைக் கவ்வியிருந்தன. சில பலகைச் சந்தில் நுழைந்து கீழே வாய்க்காலுக்குப் போயிருந்தன.

கையிலிருந்த துணி சொட்டியது. நீர் பட்ட இடம் மெல்லப் பச்சையானது. நல்ல வேர் அப்படித்தான் ஆகும்.

மேலே லமுன் நீளமாக மூச்சு விட்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."