பேய்க்கு நிழல் விழுந்த வாரம்

மழைக்கு ஒதுங்கியவன் போலத்தான் அவன் அந்தக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தான். நிஜத்தில், எதிர்ச்சாரியில் பத்து நிமிடம் நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, யோசித்ததிலேயே முழுக்க நனைந்த பிறகுதான் வந்தான். தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

உள்ளே தலைவி போனும் கையுமாக இருந்தாள். தலைவி என்றால் கட்சித் தலைவி இல்லை. கண் டெஸ்ட் செய்கிற பெண். வெள்ளிதோறும் வருகிற பேய்த் தொடர் ஒன்றுக்கு இரண்டாயிரம் பேர் கொண்ட ரசிகர் குழு இருக்கிறது. அதை ஆரம்பித்தவள், நடத்துகிறவள், அதட்டுகிறவள் எல்லாம் இவள்தான்.

அந்தத் தொடரின் பேய்க்கு நிழல் கிடையாது. கதையே அதுதான். நிழலில்லாத பெண்ணை ஒருவன் காதலிக்கிறான்... நூற்றுப் பதினோரு வாரம் சனம் உருகி உருகிப் பார்த்தது. போன வாரம், மழையில் பேய் விடைபெறும் காட்சியில், பின்சுவரில் ஜம்மென்று ஒரு நிழல் விழுந்தது. போதாததற்குப் பேய் தும்மியது.

குழு கொதித்துவிட்டது. ‘நூறு வாரம் அழுதேனே, என் கண்ணீரைத் திருப்பிக் கொடுங்கடா’ என்றாள் ஒருத்தி. ‘பேய்க்கே சளியா? ஆவி பிடிக்கச் சொல்லுங்க’ என்றான் ஒருவன். தலைவி மட்டும் நிதானமாக எழுதினாள்: ‘அந்த லைட்மேனை முதலில் கண் டெஸ்டுக்கு அனுப்புங்கள். அவரை நீக்கும்வரை நாம் பார்க்கப்போவதில்லை.’ ஆயிரத்தெண்ணூறு கையெழுத்து விழுந்தது. அது டைரக்டர் மேசைக்கும் போனது.

"கண் டெஸ்ட் பண்ணணுங்க" என்றான் நனைந்தவன்.

நிமிர்ந்தாள். வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்து லேசாகச் சுருங்கிப்போன கண்கள்... இமையில் ஒரு துளி மழை, விழலாமா வேண்டாமா என்று நின்றது. நாளுக்கு நாற்பது ஜோடிக் கண் பார்க்கிறவள், இந்த ஜோடியில் ஒரு கணம் தடுமாறினாள். கல்லாவில் இருந்த அவள் அண்ணி அதைக் கவனித்தாள். அண்ணி கவனிக்காதது எதுவும் அந்தக் கடையில் நடந்ததில்லை.

"மேல இருக்கிற முதல் எழுத்து என்ன?"

"தெரியலைங்க."

"அது என் உள்ளங்கை அளவு இருக்குங்க!"

"மங்கலா... ஏதோ வட்டமா..."

"சரி, கீழ் வரிசை?"

"அதுவும் தெரியலை. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டாவது பல்பு லேசா சிமிட்டுது பாருங்க. மாத்திடுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். உற்றுப் பார்த்தாள். சிமிட்டத்தான் செய்தது. இரண்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கும் அவள் கண்ணிலேயே படாத சிமிட்டல்.

"எழுத்து தெரியாது, பல்பு சிமிட்டுறது மட்டும் தெரியுமா? என்ன வேலை பாக்குறீங்க நீங்க?"

அவன் தலை குனிந்தது. "லைட்மேன்... அந்தப் பேய்த் தொடர்ல."

டைரக்டர் சொன்னதையும் சொன்னான். கண் கெட்டிருந்தால் சீட்டுக் கொண்டுவந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். கண் நன்றாயிருந்தால், வேண்டுமென்றே விட்டதாக அர்த்தம். வீட்டுக்குப் போகலாம்.

"சின்னதா ஒரு நம்பர் போட்டுக் குடுத்தா போதும்."

"என் கையெழுத்துல பொய் போகாது."

"போன வாரம் யாரோ ஒரு தலைவி எழுதுச்சே, லைட்மேன் குருடுன்னு... அது மட்டும் மெய்யா?"

அவளுக்குக் காது சிவந்தது. "எழுதினது நான்தான். நிழல் விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. பாத்தேன்."

"பாத்துட்டா விட்டீங்க?"

"நிழலை மறைக்கிற தெர்மோகோல் பலகை நனைஞ்சு மடங்கிடுச்சு. பேயா நடிக்கிற பொண்ணுக்கோ காய்ச்சல். மூணு மணி நேரமா குழாய் மழையில நிக்குது, உதடெல்லாம் வெளுத்துப்போச்சு. நான் வாயைத் திறந்திருந்தா எட்டாவது தடவை எடுத்திருப்பாங்க. திறக்கலை. காய்ச்சல்னு வெளிய தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க."

"அந்தப் பொண்ணு... உங்களுக்கு..."

"தங்கச்சி மாதிரிங்க."

"மாதிரியா? இல்ல, தங்கச்சியேவா?" என்றாள் கல்லாவிலிருந்து அண்ணி.

"அண்ணி! பேசாம இருங்க!"

மிஷினும் சாட்சி சொல்லிவிட்டது. இரண்டு கண்ணும் அப்பழுக்கில்லை. அதையே எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள். வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். அவள் அதற்கு நேர்மை என்று பெயர் வைத்தாள். அண்ணி வைத்த பெயர் வீம்பு.

பிறந்ததிலிருந்து தலைவி யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரமில்லை. அன்று சாயங்காலம் குழுவில் எழுதினாள்: ‘லைட்மேன் மேல் தப்பில்லை. காரணம் சொல்ல மாட்டேன். நான் எழுதியதுதான் தப்பு.’

‘தலைவிக்கே பேய் பிடிச்சிருச்சு’ என்றது குழு. ஒரு மணி நேரத்தில், அவள் கட்டிய குழுவிலிருந்து அவளையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

நான்காம் நாள் மத்தியானம் அவன் வந்தான்.

"வேலை?" என்றாள்.

"போயிடுச்சு. ஒரு மாமியார் மருமகள் தொடர்ல கூப்பிட்டிருக்காங்க. பேயே தேவலை போலிருக்கு."

"என்னாலதானே..."

"இல்லைங்க. அடுத்த தெருக் கடைக்குப் போயிருந்தா கேட்ட நம்பரைப் போட்டுக் குடுத்திருப்பான்."

"ஏன் போகலை?"

"உங்க கையெழுத்து இருக்கிற சீட்டைக் கிழிச்சுப் போட மனசு வரலை."

அண்ணி மும்முரமாக ஒரு காலிப் பெட்டியைத் துடைத்தாள்.

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள் தலைவி, மூக்குக்கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு. "நாலு நாளா, சீட்டுக் குடுத்தது சரியா தப்பான்னு தூக்கமே இல்லை. வேலைக்காக மட்டும் இல்லை... நீங்க திரும்பி வராமப் போயிட்டா என்ன பண்றதுன்னும்தான்."

அவன் உதடு அசைந்தது.

சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி மூலையில் உட்காரவைத்திருந்த வாடிக்கையாளர் பொறுமையிழந்தார். "அந்தத் தம்பி என்னம்மா சொல்லிச்சு? ஒண்ணும் காதுல விழலையே!"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எனக்கும் பிடிச்சிருக்குன்னு சொன்னேங்க."

இந்தத் தடவை தெருவுக்கே கேட்டது.