மகரவேள் போட்ட திட்டம்

அப்ரின் வந்தபோது, ஃபயாஸ் தன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு உலகத்திலேயே பெரிய அயோக்கியனைப் பற்றி இருளம்மாளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"மகரவேள் வேற யாரும் இல்ல ரைட்டரம்மா, அந்த மந்திரிதான். ஆறு புஸ்தகத்துலயும் ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கவே இல்ல, கவனிச்சீங்களா?"

இருளம்மாள் கவனிக்கவில்லை. ஜெராக்ஸ் மிஷினுக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து, ஊரார் சொன்ன மெய்யையும் பொய்யையும் எழுதி எழுதி ஓய்வுபெற்றவர். இப்போது போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறார். போலீசுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள். ஃபயாஸ் விடிகாலையில் சிலமலையிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிறவன். இடையில் கிடக்கும் பகல் முழுக்க அவனுக்குக் கார்மலைதான் சோறு, தண்ணி எல்லாம்.

'கார்மலை' முத்துக்கிருஷ்ணன் எழுதும் தொடர். ஆறு பாகம் வந்து, ஏழாவதற்குத் தமிழ்நாடே காத்துக்கிடந்தது. அரசியின் உயிரைக் காக்கும் கார்க்காய் விளைகிற தோட்டத்தில், மதிலுக்கு முந்நூறு காவலர் இருந்தும், மகரவேள் தன் ஆட்களை எப்படி நுழைத்தான்? இதுதான் கேள்வி. சுரங்கம் என்றார்கள், மந்திரம் என்றார்கள், இரட்டைப்பிறவி என்றார்கள். ஃபயாஸ் நடத்தும் டெலிகிராம் குழுவில் இதற்காகவே சண்டை போட்டு மூன்று பேர் வெளியேறியிருக்கிறார்கள்.

அப்ரின் அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மசாலாக் கடை ரசூலின் மகள். எழுத்தாளர் கையால் எழுதுவதை வீட்டுக்கே போய் டைப் அடித்துக் கொடுக்கிறவள்.

"போன வாரம் உங்க குரூப்புல 'முகமிலி'ன்னு ஒரு ஆள் போட்டுச்சே, மகரவேள் திட்டம் இதான்னு. அது அப்படியே ஏழாம் பாகத்து கடைசி அத்தியாயம் அண்ணே. நாந்தான் திருடி வெளிய விட்டேன்னு சார் சொல்றாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கணுமாம். இல்லாட்டி ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ண்ட்டாம்."

"எழுதிக் குடுத்துறாத ஆத்தா," என்றார் இருளம்மாள்.

"கேஸ் போட்டாலும் செத்தேன்மா. குரூப் ஃபோர் பாஸ் பண்ணிட்டேன். போலீஸ் வெரிஃபிகேஷன் இந்த மாசம் வருது. எங்கத்தா ஊரெல்லாம் மிட்டாய் குடுத்துட்டாரு."

"அந்த அத்தியாயம் யார் யாருக்குத் தெரியும்?"

"சாருக்கு, எனக்கு, மெட்ராஸ்ல பதிப்பாளருக்கு. மார்ச்சு மாசம் அடிச்சேன். சத்தியமா யார்கிட்டயும் வாயத் தொறக்கல."

இருளம்மாள் ஃபயாஸின் போனை வாங்கி முகமிலியின் பதிவை நிதானமாக இரண்டு முறை படித்தார். அதன் நடுவே இருந்த வரிகள் ஃபயாஸுக்கு மனப்பாடம். 'காவலர் கோட்டை வாசலில் முகம் பார்ப்பார்கள். தோட்டத்துக்குள் பார்ப்பதில்லை. காயெடுக்கிறவள் காலையிலிருந்து மாலைவரை தரையில் குத்தவைத்து, தலை கவிழ்ந்து, செடி மூட்டுக்குள் கிடக்கிறாள். கூடையை எண்ணுகிறார்கள். ஆளை எண்ணுகிறார்கள். முகத்தை யார் பார்த்தார்கள்? மகரவேள் நாளுக்கு ஒருத்தியாக மாற்றினான். பத்து வருடத்தில் எல்லாரையும் மாற்றிவிட்டான்.'

"இந்தாளு எப்பல்லாம் குழுவுல எழுதும்?"

"காலைல ஆறே காலு, சாயங்காலம் அஞ்சே முக்கா. நடுவுல செத்த மாதிரி கெடக்கும். ஞாயித்துக்கிழமை வராது."

"ஒஞ் ஜீப்புல கெடக்குற புஸ்தகத்தக் கொண்டா."

நைந்துபோன ஆறு பாகங்களையும் கொண்டுவந்தான். இரண்டாம் பாகத்தின் அட்டையில், வானுயர்ந்த கார்மரத்தை அண்ணாந்து பார்த்தபடி பெண்கள் நீளத் தொரட்டியால் காய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருளம்மாள் அதையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு உள்ளே புரட்டினார். பக்க ஓரங்களில் கறுப்பாகப் பெருவிரல் ரேகைகள்.

"என்னோட கிரீசுக் கைதான்," என்றான் ஃபயாஸ் வெட்கத்துடன்.

அவர் பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு ஒரு ரேகைமேல் ஒற்றினார். அது அசையவில்லை. "கிரீசா இருந்தா எளகி ஊறியிருக்கும். இது கறை," என்றார்.

முத்துக்கிருஷ்ணன் முந்தல் சாலையில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார். அமைதி வேண்டும் என்று சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. அப்ரினைக் கடையில் இருத்திவிட்டு இருளம்மாளோடு போன ஃபயாஸ், அந்த வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். இத்தனை நாள் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடிக்காமல் போனவன் அவன்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லம்மா," என்றார் எழுத்தாளர். "பதினாலு மார்ச் அன்னிக்குக் கூரியர் பண்ணியிருக்கேன், இந்தாங்க ரசீது. அந்தப் பதிவு வந்தது அக்டோபர்ல. என் மனசுல இருந்தது அவங்க கைக்கு எப்படிப் போச்சு? பதிப்பாளர் வெளிய விடமாட்டார். அந்தப் பொண்ணைத் தவிர வேற வழியே கிடையாது."

"கரெக்டுதான் சார்," என்றார் இருளம்மாள். ஃபயாஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒரே ஒரு சந்தேகம். அந்தக் குத்தவச்சுக் காயெடுக்குறது எப்படித் தோணுச்சு? நல்லாருக்கு."

முத்துக்கிருஷ்ணனின் முகம் மலர்ந்தது. "இந்த ஊர் குடுத்ததுதாம்மா. ஏலத்தோட்டத்துல பார்த்திருக்கேன். மரத்தடியில பொம்பளைங்க உக்காந்து, கீழ விழுந்த காயை எல்லாம் பொறுக்குவாங்க இல்லையா? அதைத்தான் எடுத்துக்கிட்டேன்."

"மேல அடிக்கடி போவீங்களோ?"

"போவேன், போவேன்."

வெளியே வந்ததும் ஃபயாஸ் குமுறினான். "என்ன ரைட்டரம்மா, கரெக்டுன்னு சொல்லிட்டீங்க? அந்தப் புள்ள வாழ்க்கையே போச்சு!"

"தேதியப் பத்திச் சொன்னது கரெக்டுதான். வண்டிய மலைக்கு விடு, வெரசா."

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் போனில் சிக்னல் செத்தது. இருளம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "காலைல இந்த எடத்த எத்தன மணிக்குத் தாண்டுவ?"

"ஆறு இருவது இருக்கும்." சொன்னபிறகுதான் ஃபயாஸுக்கு உறைத்தது. "சாயங்காலம் இங்க எறங்குறப்ப அஞ்சே முக்கா. ஞாயித்துக்கிழமை வண்டி கெடையாது. அப்ப, முகமிலி என் ஜீப்புலயா?"

"ஒன் புஸ்தகத்த ஒனக்கு முன்னாடி வாசிச்சு முடிக்கிற ஆளு," என்றார் அவர்.

மேட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளைந்து நின்ற ஏலச்செடிகளின் அடியில், மண்ணோடு மண்ணாகச் சரங்கள் ஓடிக்கிடந்தன. காய்த்திருந்தது அந்தச் சரங்களில்தான், மேலே ஒரு காய்கூட இல்லை. செடிக்குச் செடி ஒரு பெண் குத்தவைத்து, தலையை உள்ளே கொடுத்து, பச்சைக் காயாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தெரிந்ததெல்லாம் முதுகும் தலைத்துண்டும்தான்.

"இதுல ஒன் வண்டி ஆளுக பதினாலு பேரா? பேரச் சொல்லு."

ஃபயாஸ் மொக்கம்மாள் என்றான். கருப்பம்மாள் என்றான். அதற்குமேல் வரவில்லை. நாலு வருடமாக ஏற்றி இறக்குகிறான். தலையை எண்ணி, சரியாக இருந்தால் வண்டியை எடுப்பான். அவனுக்குத் தன்மேலேயே அசிங்கமாக இருந்தது.

வேலை வாங்கும் மலையாளத்துக் கங்காணி, "எந்தா, ஆரைக் காணணும்?" என்று வந்தார். இருளம்மாள் அவருக்குப் பதில் சொல்லாமல், சரிவைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "முகமிலி!"

பத்துப் பதினைந்து முதுகுகள் அப்படியே இருந்தன. ஒரே ஒரு தலை நிமிர்ந்தது. ஜீப்பின் பின்மூலையில் உட்கார்ந்து வரும் சிலமலைக் காளீஸ்வரி. ஏலக்காய்ப் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது.

"புஸ்தகத்த எடுத்தது தப்புதான் தம்பி," என்றாள் அவள் எழுந்து நின்று. "பத்திரமா வச்சிருவேன்."

நாலரை மணிக்கு முத்துக்கிருஷ்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். அப்ரினும் அவள் அத்தா ரசூலும் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். காளீஸ்வரி உட்காரவே மாட்டேன் என்றாள். எழுத்தாளரை இவ்வளவு பக்கத்தில் பார்த்த சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை. எதற்காகக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று முழுதாகச் சொல்லவில்லை. அப்ரினைக் காப்பாற்ற ஒரு சாட்சி வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

"சார், ஒங்க கார்மரம் எத்தன அடி?" என்று ஆரம்பித்தார் இருளம்மாள்.

"முப்பது அடி. முதல் பாகத்துலயே வருது."

"காயத் தொரட்டி போட்டு இழுக்குறாங்க. அண்ணாந்து பாத்தாத்தான் ஆகும். அண்ணாந்தவ மொகம் காவக்காரனுக்குத் தெரியும். அப்ப ஏழாம் பாகத்து திட்டம் நிக்கவே நிக்காதே? ஆறு பாகம் எழுதுன கையி, சொந்த மரத்தையா மறக்கும்?"

முத்துக்கிருஷ்ணன் மேஜைமேல் கிடந்த கூரியர் ரசீதை நகர்த்தி வைத்தார்.

"இந்தத் தப்ப யாரு பண்ண முடியும்னு யோசிச்சேன். காயெடுக்குறதுன்னாலே குத்தவைக்கிறதுதான்னு பழகிப்போன ஆளு பண்ணும். அட்டைல படமே போட்டிருந்தாலும் கை பழகுனதத்தான் மனசு நெனைக்கும். இந்தா நிக்கிறானே ஃபயாஸு, தெனம் தோட்டத்தப் பாக்குறவன், அவனுக்கே அது தப்பாத் தெரியல. ஆனா நீங்க தோட்டத்தக் கண்ணால பாத்தது இல்ல. பாத்திருந்தா, விழுந்த காயப் பொறுக்குறாங்கன்னு சொல்லியிருக்க மாட்டீங்க. ஏலக்காய் விழுந்தா பொறுக்குற காய் இல்ல சார். காய்க்கிறதே தரையிலதான். யாரோ எழுதுனத வாசிச்சு, அதுக்கு நீங்களா ஒரு மரத்த நட்டுக்கிட்டீங்க."

"தேதி?" என்றார் முத்துக்கிருஷ்ணன். "நான் எழுதினது மார்ச். இந்தம்மா போட்டது அக்டோபர்."

"குழுவுல போட்டது அக்டோபர். காளீஸ்வரி, மொதல்ல யாருக்குச் சொன்ன?"

"அய்யாவுக்குத்தான்," என்றாள் காளீஸ்வரி கூச்சத்துடன். "தை மாசம் பதிவுத் தபால்ல அனுப்புனேன். பதில் வரல. அய்யாவுக்கு ஆயிரம் சோலி இருக்கும்னு விட்டுட்டேன். ஏழாம் பாகம் வர்றதுக்குள்ள எல்லாரும் அவுகவுக நெனைக்கிறதச் சொல்லுங்கன்னு ஃபயாஸ் தம்பி போட்டுச்சு, அதான் குழுவுலயும் போட்டேன்."

போன் உறைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும் ஒப்புகை அட்டை. ஜனவரி முத்திரை. பெற்றுக்கொண்டவர் இடத்தில் முத்துக்கிருஷ்ணனின் கையெழுத்து. அவள் அதைச் சாட்சிக்காக வைத்திருக்கவில்லை. அவருடைய கையெழுத்து என்று பொக்கிஷமாக வைத்திருந்தாள்.

ரசூல் மகளின் தலையில் கை வைத்தார். அப்ரின் இப்போதுதான் சத்தமாக அழுதாள்.

"அந்தப் பதிவப் பாத்ததும் பயந்துட்டீங்க," என்றார் இருளம்மாள். "புஸ்தகம் வந்ததும் நீங்க காப்பியடிச்சதா ஊரு சொல்லும். அதுக்கு முன்னாடியே, எங்கிட்ட இருந்துதான் திருடுனாங்கன்னு ஒருத்தி கையால எழுதி வாங்கிட்டா தப்பிச்சிரலாம். முகமிலி யாருன்னு தேடி யாரும் மலை ஏற மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்க. எடுங்க சார் பேனாவ. இந்தப் புள்ள மேல எந்தக் குத்தமும் இல்லன்னு எழுதுங்க."

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஃபயாஸ் அந்த விரல்களைப் பார்த்தான். அந்த மனிதரை அவன் வெறுக்க நினைத்தான். அதுவும் முடியவில்லை. இருளம்மாள் தாளை மடித்து அப்ரினிடம் கொடுத்தார். விவகாரம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

காளீஸ்வரி நகரவில்லை. நடந்ததெல்லாம் அவளுக்கு மெதுவாகத்தான் ஏறியது. கோபப்படுவாள் என்று ஃபயாஸ் எதிர்பார்த்தான். அவளோ, பரீட்சையில் தப்பாக எழுதிவிட்ட பிள்ளையைப் போலத் தலையைச் சொறிந்தாள்.

"ஆமாய்யா, தொரட்டிய மறந்தே போனேன். எந் தப்புத்தான். அத விடுங்க. நீங்க மொதல்ல யோசிச்சு வச்சிருந்தது என்ன? மகரவேள் நெசமா எப்படி உள்ள போனான்?"

முத்துக்கிருஷ்ணன் பேனாவை மூடினார்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்யா. குழுவுல போட மாட்டேன். எம் புள்ளைக மேல ஆணை."

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர்.

"இல்லன்னா?"

"நான் எதையும் யோசிச்சு வைக்கல. ஒவ்வொரு பாகத்துலயும் முடிச்சு போட்டுக்கிட்டே போனேன். அவிழ்க்க எனக்குத் தெரியல. உங்க லெட்டர் வந்த அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். உங்க பேரை நன்றியுரையில போடறேன்."

காளீஸ்வரி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வாசலுக்கு வந்து, கழற்றிவைத்த செருப்பைப் போடாமல் அப்படியே நின்றாள். ஃபயாஸ் பக்கத்தில் போனான். அக்கா என்று கூப்பிட்டான்.

"காயெடுக்குறப்ப பேச்சுத் தொணைக்கு வேற யாரு இருக்கா தம்பி? அந்த மகரவேளு மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் நாலு வருசம் பொழுத ஓட்டுனேன். பெரிய மூளக்காரன், எப்படியும் ஒரு திட்டம் வச்சிருப்பான்னு நம்புனேன்." அவள் மலையைப் பார்த்தாள். "அங்கன யாருமே இல்லையே. நான் மட்டுந்தான் இருந்திருக்கேன்."

ஃபயாஸ் முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டான். அவள் வழக்கம்போலப் பின்னால் போய் மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.